கால்வாய் நோயும் ஆய்வுகூடப் பரிசோதனையும்

உழவெருதும் பாற்பசுவும் கமக்காரரின் முதலாகும். கோமாரி எனவும் வழங்கும் கால்வாய் நோய் பட்டியினுட் புகுந்தால் எருது நொண்டும். பசுவின் பால் குறையும். இளங்கன்றுகள் இருதயம் பாதிக்கப்பட்டு இறத்தலும் கூடும். வாயிலிருந்து நீர் வடிதலும், நாவிலும் குளம்பிடையிலும் கொப்புளம் எழும்புதலும் இந்நோயின் குறிகளாம். எனினும் வேறு சில நோய்களும் வாயிலே புண்ணை உண்டாக்குமாதலின், கண்ணாற் கண்ட குறிகளை மாத்திரம் கொண்டு நோயை நிச்சயித்தல் இயலாது.

ஆய்வுகூடம் எதற்கு?

இந்நோயை உண்டாக்கும் வைரசு, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் புலப்படாத கிருமியாகும். பற்றீரியாவைத் தடுக்கும் வடியினூடும் அது செல்லும் என்பதை லெஃப்லர், புறொஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898 ஆம் ஆண்டில் அறிவித்தனர். இவ்வைரசில் 7 வகைகள் உள. ஒரு வகைக்கு ஏற்றிய தடுப்பு மருந்து மற்றொரு வகையிலிருந்து மாட்டைக் காவாது. ஆகவே வகையை அறிதல் இன்றியமையாதது.

பரிசோதனை முறைகள்

1. எலைசா: ஒவ்வொரு வகை வைரசையும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி பூசப்பெற்ற சிறு குழிகளில், கொப்புளத் தோலை அரைத்தெடுத்த சாறு இடப்படும். எக்குழியில் நிறம் தோன்றுகின்றதோ, அதற்குரிய வகையே நோய்க்குக் காரணமாகும்.

2. பீ.சீ.ஆர்.: வைரசின் பரம்பரைப் பொருள் பன்மடங்கு பெருக்கப்படும். வைரசு மிகச் சிறிதளவு இருப்பினும் சில மணி நேரத்திற் கண்டறியலாம்.

3. கல வளர்ப்பு: உயிருள்ள கலங்களில் வைரசை வளர்த்து அறியும் முறை. இதற்குச் சில நாட்கள் செல்லும்.

4. குருதிப் பரிசோதனை: கொப்புளம் ஆறிய பின்னரும் குருதியிலுள்ள பிறபொருளெதிரி, நோய் வந்துபோனதைக் காட்டும். தூய்மையாக்கிய தடுப்பு மருந்து ஏற்றப்பட்ட மாட்டையும் நோயுற்ற மாட்டையும் வேறுபடுத்தி அறியவும் இதில் ஒரு முறை உண்டு.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

பரிசோதனைக்கு மிகச் சிறந்த பொருள், உடையாத அல்லது புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோலாகும். 1 கிராம் அளவு போதும். மிருக வைத்தியர் அதனை எடுத்து, கிளிசரின் கலந்த திரவத்திலிட்டு, குளிர்ச்சியாக ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். பேராதனைக்கருகே கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கால்நடை நோய்களை ஆராய்கின்றது.

(அ) குறி கண்ட அன்றே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

(ஆ) அவர் வருமுன் கொப்புளத்தைக் கீறலாகாது. எலுமிச்சஞ்சாறு, வினாகிரி போன்ற புளிப்புப் பொருள்களாற் புண்ணைக் கழுவுதலும் ஆகாது. புளிப்பு வைரசை அழிக்குமாதலின், நோய் இருந்தும் பரிசோதனையில் அது தோன்றாது போகலாம்.

(இ) நோயுற்ற மாட்டை வேறாகக் கட்டுக. பொதுக் குளத்துக்கோ மேய்ச்சற்றரைக்கோ விடுதலும், விற்றலும் கூடா.

(ஈ) முதற் குறி தோன்றிய நாளையும், தடுப்பூசி ஏற்றிய நாளையும் குறித்துவைத்துச் சொல்லுக.

கொப்புளம் ஆறிய பின் கொடுக்கும் செய்தியால், வந்துபோன நோயை அறியலாமே தவிரப் பரவலைத் தடுத்தல் அரிது. முதல் மாடு நோயுற்ற அன்றே அறிவித்தால், ஏற்ற தடுப்பு மருந்தைத் தெரிந்து அயற்பட்டிகளையும் காத்தல் கூடும்.