பத்தா, பன்னிரண்டா, பதினேழா?

மொத்த வியாபாரக் கடைகளிலும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் இன்னும் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், பலரும் தொடப் பயப்படுவது இரண்டு பொத்தான்களை. ஒன்று ஃபாண்ட், இன்னொன்று பிட்ச்.

பிட்ச் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை எழுத்து விழும் என்கிற கணக்கு. சிறிய பிரிண்டர்களில் அச்சு விழும் அகலம் 8 அங்குலம். ஆக, 10 பிட்சில் ஒரு வரிக்கு 80 எழுத்து, 12-ல் 96, 15-ல் 120. கண்டென்ஸ்டு என்கிற 17 உண்மையில் 17-க்குச் சற்று மேல் என்பதால் 137 வரை போகும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பில்லில் கட்டங்கள் கூடின. 80 எழுத்தில் அடங்கிய பில் அடங்கவில்லை. எல்லோரும் நேராகக் கண்டென்ஸ்டுக்குப் போனார்கள், நாங்களும்தான். எண்ணிப் பார்க்காமல் போனது தப்பு. வரிசை எண்ணுக்கு 4, சரக்குப் பெயருக்கு 30, எச்எஸ்என் 9, அளவு 9, விலை 10, வரி விகிதம் 6, சிஜிஎஸ்டி 10, எஸ்ஜிஎஸ்டி 10, தொகை 13. கூட்டினால் 101. 15 பிட்சே தாராளம். சரக்குப் பெயரில் ஐந்து எழுத்தைக் குறைத்தால் 96. 12 பிட்சிலேயே கச்சிதமாக உட்காரும். 'பொன்னி புழுங்கல் 25 கிலோ' என்பதற்கு 30 இடம் எதற்கு?

கண்டென்ஸ்டில் எழுத்தின் உயரம் குறையாது, அகலம்தான் ஒடுங்கும். முதல் தாளில் அழகாகவே இருக்கும். கார்பன் வழியே மூன்றாம் நகலுக்கு இறங்கும்போது 8-இன் வயிறு அடைத்துக்கொண்டு 6-ஆ, 3-ஆ என்று சந்தேகம் வரும். எங்கள் கடையில் 38 மூட்டையை 33 என்று படித்து, ஐந்து மூட்டையை இறக்காமலே லாரி கிளம்பிவிட்டது. கண்டென்ஸ்டு, ஒற்றைத் தாளில் எடுக்கும் ஸ்டாக் லிஸ்டுக்கும் லெட்ஜருக்கும் சரி. நகல் எடுக்கும் பில்லுக்கு வேண்டாம்.

ஃபாண்ட் பொத்தான் மாற்றும் எழுத்து வகையில் டிராஃப்ட், ரோமன், சான்ஸ் செரிஃப் மூன்றும் பெரும்பாலான மாடல்களில் உண்டு. ரோமனும் சான்ஸ் செரிஃபும் என்எல்க்யூ (நியர் லெட்டர் குவாலிட்டி) தரம். ஒன்பது ஊசி பிரிண்டர் ஒரே வரியின் மேல் இரண்டு முறை ஓடி, புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். நேரமும் ரிப்பனும் கூடுதலாகப் போகும். கடிதத்துக்கு ரோமன் வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கு வாசலில் வண்டி நிற்கையில் டிராஃப்ட்தான். எண்கள் நிறைந்த தாளுக்கு சான்ஸ் செரிஃப் தெளிவு. வால் இல்லாத எழுத்து நகலில் கசங்காது. பூஜ்யத்துக்குக் குறுக்கே கோடு போடும் வசதியும் பல மாடல்களின் செட்டிங்கில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் O, 0 குழப்பம் தீர்ந்தது.

பொத்தானில் 12 வைத்தும் 17-ஆகவே வருகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பிரிண்டரைத் திட்ட வேண்டாம். பில்லிங் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு கட்டளை அனுப்புகிறது. பொத்தானை விட அதற்கே அதிகாரம். அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். விண்டோஸ் டிரைவர் வழியே படமாக அச்சடித்தால் பிட்ச் பொத்தானுக்கு வேலையே இல்லை. தமிழில் பில் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். பக்கம் மெதுவாக வருவதும் அதனால்தான்.

எதை வைத்தாலும், மூன்று நகல் எடுத்துக் கடைசித் தாளைக் கிழியுங்கள். கணக்குப்பிள்ளையிடம் காட்டாதீர்கள், அவருக்குத் தொகை மனப்பாடம். குடோன் வெளிச்சத்தில் மூட்டை எண்ணுகிறவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.