வராத பணத்துக்கு வரியா?

கேள்வி: அமெரிக்காவில் சொந்தமாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். ஒரு நிறுவனம் கொடுத்தது 18,000 டாலர். எனக்குத் தந்த பணத்தைக் காட்டி அவர்கள் அனுப்பிய 1099-என்இசி படிவத்திலோ 23,000! எதைக் காட்டுவது?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: கைக்கு வந்ததைத்தான். ஆனால் முதலில் வித்தியாசம் எங்கே என்று தேடுங்கள். டிசம்பர் கடைசியில் அனுப்பிய காசோலை உங்களுக்கு ஜனவரியில் வந்திருக்கலாம். அல்லது நீங்கள் செலவழித்து அவர்கள் திருப்பித் தந்த பணத்தையும் சேர்த்திருப்பார்கள். இரண்டாவதுதான் காரணம் என்றால் முழுத்தொகையையும் சுயதொழில் வரவு செலவுக்கான ஷெட்யூல் சி படிவத்தில் காட்டி, செலவைக் கழித்துவிடுங்கள்.

பிழை அவர்களுடையது என்றால் திருத்திய படிவத்தை எழுத்தில் கேளுங்கள்; போனில் பேசியது ஆதாரமாகாது. அது வரவில்லை என்பதற்காக வரிக்கணக்குத் தாக்கலுக்கான ஏப்ரல் 15-ஐத் தவறவிடாதீர்கள். சரியான தொகையைக் காட்டி, விளக்கக் கடிதம் இணையுங்கள். பில்கள், வங்கிக் கணக்கு விவரம், திருத்தம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

1099 படிவத்தின் நகல் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் இருப்பதால் பின்னாளில் சிபி2000 நோட்டீஸ் வரலாம். பதறாதீர்கள், அது உத்தரவு அல்ல. 'இவ்வளவு கூட்டலாமா' என்ற முன்மொழிவுதான். கெடுவுக்குள் ஆதாரத்தோடு மறுப்பு அனுப்புங்கள். பயந்து கட்டிவிட்டால், வராத 5,000 டாலருக்கு வருமான வரியோடு சுயதொழில் வரியும் உங்கள் தலையில் விழும்.