இன்ஸ்டால் செய்கையில் ஃபயர்வால் குறுக்கிடுவது ஏன்?

நோட் ஜேஎஸ், பைத்தான் போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் பதிந்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் கட்டளை கொடுத்துப் பயன்படுத்துபவர்கள் இதைச் சந்தித்திருப்பார்கள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடிக் கொண்டிருக்கும் போதே சின்ன விண்டோ ஒன்று எழும். இந்த அப்ளிகேஷனின் சில வசதிகளை ஃபயர்வால் தடுத்துள்ளதாக அது சொல்லும். விண்டோஸ் 11ன் புதிய பதிப்புகளில், நெட்வொர்க்குகள் இந்த அப்ளிகேஷனை அணுக அனுமதிக்கலாமா என்ற கேள்வி வரும். இன்ஸ்டலேஷன் பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பலர் உடனே அலவ் பட்டனைத் தட்டிவிடுகின்றனர்.

அந்தப் பயம் தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம்கள் வெளியே சென்று ஃபைல்களைக் கொண்டு வருவதை விண்டோஸ் ஃபயர்வால் சாதாரணமாகத் தடுப்பதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. ஒரு புரோகிராம் ஏதேனும் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து யாராவது தொடர்பு கொள்வார்களா எனக் காத்திருக்கத் தொடங்கினால்தான் இந்த விண்டோ வரும். நீங்கள் கடைக்குப் போய் வந்தால் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் எதுவும் கேட்க மாட்டார். வீட்டு வாசலிலேயே கடை விரித்தால்தான் கேட்பார்.

இந்தக் காவல் வந்ததற்குக் காரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் வோர்ம், யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே 135ஆம் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தது. எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது! 2004ல் வந்த சர்வீஸ் பேக் 2தான் அதைத் தானாக இயங்கும்படி செய்தது.

சரி, இன்ஸ்டால் செய்யும் போதே ஏன் கேட்கிறது? சில மென்பொருள்கள் பதிந்து முடிந்தவுடன் தங்கள் சர்வீஸைத் தொடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, ராபிட் எம்க்யூ என்ற மென்பொருளுக்கு எர்லாங் தேவை. அதனுடன் வரும் இபிஎம்டி என்ற சிறு புரோகிராம் 4369ஆம் போர்ட்டில் காத்திருக்கும். நீங்கள் கேள்விப்பட்டிராத பெயர் விண்டோவில் வருவது இப்படித்தான். இது வைரஸ் அல்ல. ஆனால் வெறும் ஃபைல்களைக் காப்பி செய்ய வேண்டிய புரோகிராம், டெம்ப் ஃபோல்டரில் இருந்துகொண்டு அனுமதி கேட்டால் சந்தேகப்படுங்கள். ஃபைலின் பாதை விண்டோவிலேயே இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நீங்கள் இயக்கியது உங்கள் சிறு ஸ்கிரிப்டாக இருக்கலாம். ஆனால் விண்டோவில் வரும் பெயர் நோட் அல்லது பைத்தான். அலவ் கொடுத்தால் அனுமதி ஸ்கிரிப்டுக்குப் போவதில்லை. அதை இயக்கும் என்ஜினுக்குப் போகிறது. நாளை நெட்டில் எடுத்த வேறொரு ஸ்கிரிப்டை அதே என்ஜினில் ஓட்டினால், அது போர்ட் திறக்கும் போது கேள்வியே வராது. சில பேக்கேஜ்கள் பதியப்படுகையிலேயே தங்கள் ஸ்கிரிப்டுகளை ஓட்டக் கூடியவை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வீட்டில் ரௌட்டர் ஓரளவு காக்கும். அதே லேப்டாப்பை ஹாஸ்டல் வைஃபையில் இணைத்தால்? பப்ளிக் நெட்வொர்க்கையும் அனுமதித்திருந்தால் அங்கும் கதவு திறந்தே இருக்கும்.

எனவே சந்தேகம் இருந்தால் கேன்சல் கொடுங்கள். டவுன்லோட் தொடரும், இன்ஸ்டலேஷனும் முடியும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே பிரவுசரைத் திறந்து 127.0.0.1 என்ற முகவரியில் பக்கத்தைப் பார்ப்பதும் வழக்கம் போல நடக்கும். அதே பக்கத்தை வைஃபை வழியாக மொபைலில் பார்க்க வேண்டுமென்றால் மட்டுமே அனுமதி தேவை. அப்போதும் பிரைவேட் நெட்வொர்க்கிற்கு மட்டும் கொடுங்கள். புரோகிராமின் செட்டிங்கில் முகவரியை 0.0.0.0 என்பதற்குப் பதிலாக 127.0.0.1 என மாற்றினால் இந்த விண்டோ வராது. எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எந்த போர்ட் திறந்துள்ளது எனப் பார்க்க, கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, மைனஸ் குறியுடன் ஏ, என், ஓ எழுத்துக்களைச் சேர்த்து என்டர் தட்டவும். லிஸனிங் என்றுள்ள வரியின் கடைசி எண்ணை டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் தேடினால் புரோகிராமின் பெயர் கிடைக்கும்.

கேன்சல் கொடுத்ததை விண்டோஸ் மறப்பதில்லை. அந்தப் புரோகிராமைத் தடுக்கும் விதிகளை எழுதி வைத்துக் கொள்ளும். அடுத்த முறை கேட்காது. மனம் மாறினால், ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி எனத் தேடித் திறந்து, இன்பவுண்ட் ரூல்ஸ் பட்டியலில் அந்தப் பெயரில் உள்ள தடை விதிகளை அழியுங்கள். அவசரத்தில் கொடுத்த அனுமதிகளையும் இங்கேயே நீக்கலாம். இந்த விதிகள் ஃபைலின் பாதையை வைத்து எழுதப்படுபவை. பைத்தானின் புதிய பதிப்பு வேறு ஃபோல்டரில் பதியப்பட்டால் கேள்வி மறுபடியும் வரும். பழைய விதியோ பட்டியலிலேயே கிடக்கும்.