ஏலமலை அடிவாரத்தில் நுகர்வோர் சட்டம் படிக்கிறவருக்கு

தேவாரம், போடி பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போனால் சிவிலா, கிரிமினலா என்றுதான் யோசிக்கிறார்கள். விதை, பூச்சிமருந்து, ஸ்பிரேயர், இன்சூரன்ஸ் என்று காசு போகிற இந்த ஊர்களுக்கு நுகர்வோர் சட்டம் தெரிந்த ஆள்தான் தேவை.

தேனியிலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள் இக்னோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சான்றிதழ் படிப்பில் சேரலாம். அதை வைத்து வக்கீலாக முடியாது. ஆனால் சட்டம் பிடிபடும். கையில் இருக்கவேண்டியது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம். 1986 சட்டம் பழைய தீர்ப்புகளைப் படிக்க மட்டும் போதும்.

முதலில் ஊன்றிப் படிக்கவேண்டியது பிரிவு 2(7): யார் நுகர்வோர்? மருந்தை வாங்கி விற்கும் வியாபாரி இல்லை. பிழைப்புக்காகச் சின்னத் தோட்டம் வைத்துத் தானே மருந்தடிப்பவர் நுகர்வோர். நூறு ஏக்கர் எஸ்டேட் என்றால் சண்டைதான். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சோதனைக்கு விதை எங்கே என்று கம்பெனி கேட்டது. எல்லாவற்றையும் விதைத்துவிட்டவர் எங்கிருந்து எடுத்து வைப்பார் என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பை முழுசாகப் படியுங்கள், நோட்ஸில் வேண்டாம்.

அடுத்தது பிரிவு 34: புகாரை எங்கே கொடுப்பது? கட்டப்பனையில் வாங்கிய மோட்டார் பழுதென்றால் முன்பெல்லாம் பெரும்பாலும் கேரளாவுக்கு அலைய வேண்டும். இப்போது தேவாரத்துக்காரர் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேயே முடியும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருஷம். கட்சிக்காரர் வந்ததும் பில், லாட் நம்பர் தெரியும் பாக்கெட், கடைக்காரருடன் பேசிய வாட்ஸ்அப் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கதை கேளுங்கள்.

நுகர்வோர் வழக்குகளை மட்டும் நம்பி வக்கீல் குடும்பம் நடத்த முடியாது. ஏனென்றால் வக்கீல் இல்லாமல் புகார்தாரர் தானே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. வாகன விபத்து, இன்சூரன்ஸ் வழக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போதே விசாரணை நாளில் ஆணையத்தில் போய் உட்காருங்கள். விவசாயி, சின்னத் தொழில்காரர் புகார் என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கிளப்புவது பெரும்பாலும் பொருளின் தரத்தைப் பற்றி இருக்காது. 'இவர் நுகர்வோரே இல்லை' என்பதாகத்தான் இருக்கும்.