அந்தக் கோட்டைத் திரும்ப பீரோவில் வை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மே மாசக் கடைசியில் கேதார்நாத் போகிறேன், என்னென்ன எடுத்துவைக்கலாம் மாமா என்று கேட்டிருந்தாய். கேட்ட கையோடு நீயே ஒரு பட்டியலும் போட்டிருக்கிறாய். எட்டுச் சட்டை, நாலு ஜீன்ஸ், தாத்தாவின் கம்பளிக் கோட்டு. சாமி கும்பிடப் போகிறாயா, குடிபோகிறாயா?

முதலில் அந்தக் கோட்டைத் திரும்ப பீரோவில் வை. குளிராதா என்பாய். குளிரும்தான். ஆனால் அந்தக் குளிர் கடைசி இரண்டு நாளைக்கு. அதற்கு முன்னால் நாக்பூர், டெல்லி, ஹரித்வார் என்று, புதுக்கோட்டைக் கத்திரி வெயிலே தேவலை என்று சொல்லவைக்கிற ஊர்களாக வரும். அத்தனை தூரமும் அதைச் சுமப்பது நீயா, ரயிலா?

ஹரித்வார் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கேதார்நாத் 3,583 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கீழே 40 என்றால், கணக்குப்படியே மேலே பகலில் 20க்குக் கீழே. ராத்திரி இன்னும் இறங்கும். "20தானே, தாங்கிடுவேன்" என்று மார்தட்டாதே. மழையைக் கணக்கில் சேர்த்தாயா?

கௌரிகுண்டிலிருந்து கோயிலுக்கு நடந்து ஏற்றம். 2013 வெள்ளத்துக்குப் பிறகு பாதை மாறி 16 கிலோமீட்டர். நீ செய்யப்போகும் தப்பு எனக்கு இப்போதே தெரிகிறது. விடியற்காலைக் குளிரில் நடுங்கி, இருக்கிறதையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்புவாய். கொஞ்ச தூரத்திலேயே வேர்த்துக் கொட்டும். பருத்திச் சட்டை வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும். மேலே போய் உட்கார்ந்ததும் அந்த ஈரமே உன்னை விறைக்க வைக்கும். ஊரில் நம்மைக் காப்பாற்றுகிற பருத்தி அங்கே காலை வாரிவிடும். ஜீன்ஸ் நனைந்தால் ஊர் திரும்பித்தான் காயும். நடக்கும்போது சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் டீ-ஷர்ட், நின்றதும் போட்டுக்கொள்ள ஃப்ளீஸ் ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு. ராத்திரிக்கு ஒரு ஜோடி தெர்மல். அதைப் பாலிதீன் பையில் சுற்றி வை. குரங்குக் குல்லாயையும் எடுத்துக்கொள். போட்டோ பார்த்து நான் சிரிப்பேன், அவ்வளவுதான்.

"அங்கேயே வாங்கிக்கலாமே மாமா?" ஊன்றுகோல் வாங்கிக்கொள். ஷூ மட்டும் கூடவே கூடாது. இப்போதே கீழராஜ வீதியில் வாங்கி, புதுக்குளத்தைச் சுற்றித் தினமும் நட. கடிக்கிறதெல்லாம் இங்கேயே கடித்து முடிக்கட்டும்.

இன்னொன்று. எல்லா ஊர்த் துணியையும் எல்லா ஊருக்கும் தூக்காதே. வெயில் ஊர்த் துணியைப் பெரிய பையோடு ஹரித்வார் விடுதியில் கொடுத்துவைத்துவிட்டு, மலைக்குச் சின்னப் பை ஒன்றோடு ஏறு.

உன் அத்தை ஊறுகாய் பாட்டில் எடுத்துவைத்திருக்கிறாள். வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், மூடி வழியாக எண்ணெய் கசிந்து அந்த ஸ்வெட்டரில்தான் இறங்கும். பருப்புப் பொடி கேள், சந்தோஷமாகத் தருவாள்.

யாத்திரைப் பதிவை முடித்துவிட்டாயா? அது இல்லாமல் வழியில் சோன்பிரயாகைத் தாண்ட விடமாட்டார்கள். பையை அப்புறம் கட்டலாம், அதை இன்றைக்கே செய்.

அன்புடன்,
மாமா