வேட்டைக்கு முன் ஒரு கணக்கு

யானைக்கவுனிப் பாலத்தின் மேல் ஒரு மாலை வேளையில் நின்று கீழே பாருங்கள். சென்ட்ரல் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று மெல்ல ஊர்ந்து பேசின் பாலத்தை நோக்கிச் செல்லும். இந்தக் காட்சியைக் கண்டதும் உங்கள் இயற்பியல் பாடநூலில் வரும் அந்தப் பயணி நினைவுக்கு வரலாம். நகரும் ரயிலின் கடைசிப் பெட்டி அவருக்கு 30 மீட்டர் முன்னால் இருக்கிறது. ரயிலின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். பயணியின் வேகம் விநாடிக்கு 7 மீட்டர். எப்போது பிடிப்பார்? சார்பு வேகம் விநாடிக்கு 2 மீட்டர். ஆகவே 15 விநாடி என்று உடனே சொல்லிவிடுவீர்கள். முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு கேள்வியைப் பாடநூல் கேட்பதில்லை. கையில் பெட்டியுடன் அந்த மனிதரால் 15 விநாடி அப்படி ஓட முடியுமா? அதற்குள் அவர் 105 மீட்டர் ஓடியாக வேண்டும். பத்தாவது விநாடியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டால், 10 மீட்டர் முன்னால் ரயில் போய்க்கொண்டே இருக்கும். (ஓடும் ரயிலை எவரும் பிடிக்க முயலக்கூடாது என்பது வேறு செய்தி.) துரத்தலில் வேகத்தைப் போலவே தாங்கும் நேரமும் முக்கியம். இந்த ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பழைய வேட்டை முறையை ஆராய்வோம். அதனால் ஒரு விலங்கே நம் நாட்டிலிருந்து எப்படி மறைந்தது என்பதும் விளங்கும்.

அந்த விலங்குக்கும் யானைக்கவுனிப் பக்கத்துக்கும் சிறு தொடர்பு உண்டு. சென்னை அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் அதிகாரியாக இருந்த காலத்தில், அங்கே உயிருள்ள ஒரு சிவிங்கிப்புலியும் ஒரு வேங்கையும் வைக்கப்பட்டிருந்தன என்றும், அவற்றைக் காணக் கூட்டம் கூடியதே 1855-இல் விலங்குக் காட்சிசாலை தொடங்கக் காரணமாயிற்று என்றும் அதன் வரலாறு கூறுகிறது. பின்னர் அந்தக் காட்சிசாலை சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. 1985-இல் வண்டலூரில் புதிய பூங்கா திறக்கப்படும் வரை, வடசென்னைப் பிள்ளைகள் நடந்தே போய் விலங்குகளைப் பார்த்த இடம் அது. சிவிங்கிப்புலியைச் சிறுத்தை என்று எண்ணிவிடாதீர்கள். சிறுத்தையின் உடலில் வளைய வளையமான புள்ளிகள் இருக்கும், மரம் ஏறும். சிவிங்கிப்புலிக்குத் தனித்தனிக் கரும் பொட்டுகள், நீண்ட கால்கள், கண்ணிலிருந்து வாய்வரை வழியும் கறுப்புக் கோடு.

மாட்டு வண்டியில் வந்த வேகம்

முகலாயர் காலம் முதல் சமஸ்தான மன்னர் காலம் வரை, வட இந்தியாவின் வறண்ட சமவெளிகளிலும் தக்காணத்திலும் சிவிங்கிப்புலியைப் பழக்கி வெளிமானை வேட்டையாடினார்கள். வெளிமான் என்பது முறுக்கிய கொம்புடைய நம் நாட்டு மான். திருகுமான், புல்வாய், இரலை என்றும் பெயர்கள் உண்டு. சிவிங்கிப்புலியின் கண்ணை முக்காட்டால் மூடி, தாழ்வான மாட்டு வண்டியில் ஏற்றி, மான் கூட்டம் மேயும் வெளிக்கு ஓட்டிச் செல்வார்கள். மாட்டு வண்டியை நாள்தோறும் பார்த்துப் பழகிய மான்கள் அதற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. போதிய அளவு நெருங்கியதும் முக்காட்டை நீக்கி, கழுத்துப் பட்டையை அவிழ்த்து விடுவார்கள்.

போதிய அளவு என்றால் எவ்வளவு? வேட்டைத் திட்டத்தின் உயிர்நாடி அதுதான்.

சிவிங்கிப்புலியின் வேகம் மணிக்கு 110 கி.மீ. என்றெல்லாம் படித்திருப்பீர்கள். 2013-இல் போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிப்புலிகளின் கழுத்தில் கருவிப் பட்டை கட்டி அளந்தார்கள். 367 ஓட்டங்களில் மிக உயர்ந்த வேகம் விநாடிக்கு 25.9 மீட்டர், அதாவது மணிக்கு 93 கி.மீ. சராசரி ஓட்டம் வெறும் 173 மீட்டர். மிக நீண்டதே 559 மீட்டர்தான். நம் கணக்குக்குச் சற்றுத் தாராளமாக 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புலியின் வேகம் விநாடிக்கு 26 மீட்டர். மானின் வேகம் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ.

400 மீட்டர் கடக்கப் புலிக்கு ஆகும் நேரம் 400 ÷ 26 = 15.4 விநாடி. அதற்குள் மான் ஓடுவது 20 × 15.4 = 308 மீட்டர். ஆகவே மானுக்கும் புலிக்கும் இடையே தொடக்கத்தில் இருக்கத்தக்க அதிகபட்ச தூரம் 400 − 308 = 92 மீட்டர். ஒரு கஜம் 0.91 மீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: கிட்டத்தட்ட சரியாக நூறு கஜம்! பழைய வேட்டைக் குறிப்புகளிலும் நூறு கஜம், அதற்கும் குறைவு என்ற பேச்சே அடிபடுகிறது. சார்பு வேகம் என்ற சொல்லையே கேட்டிராத வண்டிக்காரர், பல தலைமுறை அனுபவத்தால் நம் விடைக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

உங்களில் கூர்மையானவர்கள் ஆட்சேபிப்பீர்கள்: இரண்டும் நின்ற நிலையிலிருந்து அல்லவா புறப்படுகின்றன, முடுக்கம் எங்கே? நியாயம்தான். புலி 3 விநாடியிலும் மான் 4 விநாடியிலும் சீரான முடுக்கத்தில் முழு வேகத்தை எட்டுவதாகக் கொண்டு மறுபடி போடுங்கள். புலிக்கு 1.5 விநாடியும் மானுக்கு 2 விநாடியும் வீணாகும். புலியின் மொத்த நேரம் 16.9 விநாடி, மான் ஓடும் தூரம் 20 × 14.9 = 298 மீட்டர்; இடைவெளி 102 மீட்டர். பெரிய மாற்றமில்லை. ஆனால் மான் ஒரே ஒரு விநாடி முன்னதாக விழித்துக்கொண்டு ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? 20 மீட்டர் போய்விடும். வேட்டைக்காரனின் கவலையெல்லாம் அந்த ஒரு விநாடியைப் பற்றியதுதான்.

அதனால்தான் வண்டியை மானை நோக்கி நேராக ஓட்டுவதில்லை. எங்கோ வேறு வேலையாகப் போவது போலச் சாய்வாக, வளைத்து வளைத்து ஓட்டினார்கள். வண்டியின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்க. அது செல்லும் திசைக்கும் மான் இருக்கும் திசைக்கும் இடையே எப்போதும் 60 பாகைக் கோணம் இருந்தால், நெருங்கும் வேகம் 1 × கொசைன் 60 = 0.5 மீட்டர் மட்டுமே. 400 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு வர 5 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் ஆகும். அந்தப் பாதை எத்தகைய வளைகோடு என்பதை உங்கள் கணித ஆசிரியரிடம் கேளுங்கள். மகிழ்ச்சியோடு ஒரு பாடவேளையே எடுத்துவிடுவார்.

தூரத்தை அளப்பது எப்படி?

நூறு மீட்டர் என்று சொல்லிவிட்டோம். மரமோ வீடோ இல்லாத பாலையில் அதை எப்படி மதிப்பிடுவது? வடிவொத்த முக்கோணம் போதும். வெளிமானின் தோள் உயரம் ஏறத்தாழ 0.8 மீட்டர். அடிக்கோல் ஒன்றைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் நீட்டிப் பிடித்தால், 100 மீட்டரில் நிற்கும் மான் கோலில் 4.8 மி.மீ. உயரம் தெரியும். 400 மீட்டரில் 1.2 மி.மீ. மட்டுமே. மான் கிடைக்காவிட்டால் பாலத்தின் மறுகோடியில் நிற்கும் மனிதர் போதும். அவர் உயரம் 1.6 மீட்டர் என்று கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

இந்த முறையைப் பாலைவனம் கெடுக்கும். ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தில் தால் சாப்பர் என்னும் இடம் இருக்கிறது. தார் பாலையின் ஓரத்தில் சுமார் 7 சதுர கி.மீ. அளவுக்குத் தட்டையான புல்வெளி. முன்பு பிகானேர் மன்னரின் வேட்டைக்களம், இப்போது வெளிமான் சரணாலயம். சௌகார்பேட்டையிலும் யானைக்கவுனியிலும் ராஜஸ்தானிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் பல உள்ளன. உங்கள் வகுப்பில் அத்தகைய நண்பன் இருந்தால் அவனுடைய தாத்தாவிடம் பாலை நண்பகலைப் பற்றிக் கேளுங்கள். கானல் நீர் என்பார். தரையை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. அதன் ஒளிவிலகல் எண்ணும் குறைகிறது. தரையை நோக்கி வரும் ஒளிக்கதிர்கள் மேல்நோக்கி வளைகின்றன. மானின் கால்கள் நீரில் மூழ்கியது போல மறைந்து, உடல் மட்டும் மிதக்கும். 0.8 மீட்டரில் பாதிதான் தெரிகிறது என்றால், கோலில் அளப்பவர் 100 மீட்டரை 200 மீட்டர் என்று படிப்பார். இன்னும் நெருங்குவோம் என்று வண்டியை விடுவார், மான் கலைந்துவிடும். வேட்டைக்கு ஏற்ற வேளை அதிகாலை என்பதற்கு வெயிலின் கொடுமை மட்டும் காரணமல்ல. காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வீச வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புலி ஏன் 400 மீட்டரில் நின்றுவிடுகிறது? உடல் சூடேறிவிடுவதால் என்று வெகுகாலம் எழுதி வந்தோம். 1973-இல் டெய்லர், ரௌன்ட்ரீ என்ற இரு அறிஞர்கள் ஓடுபொறியில் சிவிங்கிப்புலிகளை ஓடவிட்டு, உடல் வெப்பம் 40.5 பாகை செல்சியசை எட்டியதும் அவை ஓட மறுப்பதைக் கண்டார்கள். நானும் வகுப்பில் பல ஆண்டுகள் இதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் 2013-இல், வெளியில் தாமாக வேட்டையாடும் சிவிங்கிப்புலிகளின் உடலில் உணர்கருவி பொருத்திப் பார்த்தபோது, துரத்தலைக் கைவிடும் கணத்தில் வெப்பம் சுமார் 38.4 பாகைதான் இருந்தது. சூடு காரணமல்ல. ஓடுபொறியில் பெற்ற விடை வெளிநிலத்துக்குப் பொருந்தவில்லை.

அமெரிக்காவின் புதிர்

வட அமெரிக்காவின் வறண்ட வெளிகளில் பிராங்ஹார்ன் என்ற விலங்கு வாழ்கிறது. கொம்பில் ஒரு கவை உண்டு. குதிரையோ துப்பாக்கியோ இல்லாத காலத்தில் அங்கிருந்த பழங்குடியினர் அதை எப்படி வேட்டையாடினார்கள்? துரத்திப் பிடிப்பது நடவாது என்று உணர்ந்து, அதன் ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: அது வேலியைத் தாண்டிக் குதிப்பதில்லை. ஜூனிப்பர் மரக் கிளைகளால் அகன்ற புனல் போல நீண்ட வேலி கட்டி, பலர் கூடி மெல்ல ஓட்டிச் சென்று பட்டியில் அடைத்தார்கள்.

அதன் வேகத்தை விநாடிக்கு 24 மீட்டர் என்று வைத்து முன்னைய கணக்கைப் போட்டால், 400 − 24 × 15.4 = 30 மீட்டர். நம் சிவிங்கிப்புலி அங்கே போனால் பட்டினிதான். இன்று அமெரிக்காவில் அவ்வளவு வேகமாகத் துரத்தும் பகைவிலங்கு எதுவும் இல்லை. பின் ஏன் இந்த ஓட்டம்? பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன அமெரிக்கச் சிவிங்கிப்புலி போன்ற விலங்குகளிடமிருந்து தப்பவே அது இவ்வாறு அமைந்தது, துரத்தியவை போன பின்னும் ஓட்டம் நிலைத்துவிட்டது என்று ஜான் பையர்ஸ் என்ற ஆய்வாளர் கருதுகிறார். ஐயம் தெரிவிப்பவர்களும் உண்டு.

மூன்றாவது எண் போனபோது

நம் கணக்கில் மூன்று எண்கள்: புலியின் வேகம், மானின் வேகம், புலி தாங்கும் நேரம். மானைக் காப்பாற்றியது மூன்றாவதுதான். 16 விநாடி தாக்குப்பிடித்தால் உயிர் தப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜீப் வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. ஜீப் மானைவிட அதிக வேகமுடையதாக இருக்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் அதற்கு மூச்சு வாங்குவதில்லை. பெட்ரோல் தீரும்வரை ஓடும். தாங்கும் நேரம் 16 விநாடியிலிருந்து மணிக்கணக்காக மாறியதும் 92 மீட்டர் என்ற எல்லை பொருளற்றுப் போயிற்று. துப்பாக்கியையும் சேர்த்துப் பாருங்கள். விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, காற்றின் தடையையும் கருதினால், 300 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.4 விநாடி எடுக்கும். பதினாறு எங்கே, பூச்சியம் புள்ளி நான்கு எங்கே! இலட்சக்கணக்கில் திரிந்த வெளிமான் சில பகுதிகளில் மட்டுமே எஞ்சியது.

சிவிங்கிப்புலியின் கதை இன்னும் வருத்தமானது. அது கூண்டில் குட்டி போடுவது மிக அரிது. தம் தந்தை அக்பர் ஒரு சமயம் ஆயிரம் சிவிங்கிப்புலிகளைச் சேர்த்துவைத்தும் அவை இனம் பெருக்கவில்லை என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். தம் காலத்தில் ஒருமுறை மூன்று குட்டிகள் பிறந்ததை அதிசயமாகக் குறிப்பிடுகிறார். அப்படியானால் அரண்மனைகளுக்கு வந்த ஒவ்வொரு புலியும் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதே. செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் எனப்படும் மூன்றும் 1947-இல் மத்திய இந்தியாவின் கொரியா சமஸ்தானத்தில், இரவில் வண்டியில் சென்ற மன்னரால் சுடப்பட்டன. 1952-இல் இனம் அற்றுவிட்டதாக அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 எனக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டிருக்கிறார்கள்.

வெளிமான் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் சிறை. எனவே இன்று நீங்கள் திட்டமிடத்தக்க வேட்டை, கேமராவுடன் செல்வதுதான். கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி தேசியப் பூங்கா ஆகிய மூன்றும் நம் மாநிலத்திலேயே உள்ளன. காற்றின் திசை, அதிகாலை, சாய்வான நடை ஆகிய பழைய விதிகள் எல்லாம் அப்படியே பொருந்தும்.

குவியத்தூரம் 300 மி.மீ. உடைய வில்லையில், 100 மீட்டரில் நிற்கும் வெளிமானின் பிம்ப உயரம் 0.8 × 300 ÷ 100 = 2.4 மி.மீ. படச்சட்டத்தின் உயரம் 24 மி.மீ. ஆதலால் மான் அதில் பத்தில் ஒரு பங்குதான். சட்டத்தின் பாதியை அது நிரப்ப வேண்டுமானால் எத்தனை மீட்டர் வரை நெருங்க வேண்டும்? நீங்கள் 40 மீட்டரில் வந்ததும் மான் ஓடிவிடும் என்றால், வேண்டிய குவியத்தூரம் என்ன? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.