முட்டையின் உள்தரத்தை அறிதல்

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரர் பலர் வீட்டில் சில கோழிகளையும் வளர்ப்பர். வைக்கோற்போரிலும் வேலியடியிலும் கோழிகள் மறைவாக இட்ட முட்டைகள் சிலவேளை ஒருங்கே அகப்படும். அவை எப்பொழுது இடப்பட்டவை என்பது ஒருவருக்கும் தெரியாது. அவற்றை ஆராயாது புதியவற்றோடு கலந்து கடைக்குக் கொடுத்தால், ஒரு கூழ்முட்டையின் பொருட்டு நெடுநாளைய வாடிக்கையே போய்விடும்.

முட்டையோட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள. அவற்றினூடாக உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, காற்று உட்புகும். அகன்ற முனையிலுள்ள காற்றறை நாளுக்குநாள் பெருப்பது இதனாலேயாம். காபனீரொட்சைட்டும் வெளியேறுவதால் தடித்த வெண்கரு நீர்த்துப்போகும்; மஞ்சட்கருவைச் சூழ்ந்த மென்றோலும் நலிவடையும். வெப்பம் மிகுந்தால் இம்மாற்றங்கள் விரைவுபடும். ஆகவே, வெயில் படும் தாழ்வாரத்தில் மூன்று நாள் கிடந்த முட்டை, குளிர்ந்த இடத்தில் ஒரு வாரம் இருந்ததிலும் தாழ்ந்ததாகலாம்.

நீரிலிடும் சோதனையைப் பலரும் அறிவர். புதிய முட்டை அடியிற் கிடையாகப் படுக்கும். பழகியது அகன்ற முனையை உயர்த்தும். மிகப் பழையது மிதக்கும். ஆனால் இது காற்றறையின் பருமனை மட்டுமே காட்டும். சில நாட்கள் அடைகாக்கப்பட்ட முட்டையும் நீரில் தாழும். நனைந்த முட்டை விரைவிற் கெடுமாதலால், விற்பனைக்குரியவற்றை ஒளியிற் பார்ப்பதே நன்று.

இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையை மின்சூளின் ஒளியோடு சேர்த்துப் பிடித்து, மெல்லச் சுழற்றுக. காற்றறையின் ஆழம் 3 மில்லிமீற்றருக்கு மேற்படாவிடின் முட்டை புதியது. மஞ்சட்கரு மங்கிய நிழலாக நடுவில் நின்று சிறிதே அசையுமாயின் வெண்கரு தடிப்பாக உள்ளது. நிழல் தெளிவாகி ஓட்டை நோக்கி ஓடுமாயின் அது நீர்த்துவிட்டது. செந்நரம்புகள் சிலந்திவலைபோற் படர்ந்திருப்பின் உள்ளே குஞ்சு உருவாகத் தொடங்கிவிட்டது. முழுவதும் கறுத்திருப்பின் அழுகியது. கபில நிற ஓட்டுக்குக் கூடிய ஒளி வேண்டும். தனித்த சிறு இரத்தப்பொட்டுத் தீங்கானதன்று.

ஐயமிருப்பின் ஒன்றை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பார்க்கலாம். மஞ்சட்கரு உயர்ந்து நிற்க, வெண்கரு அதனைச் சூழ்ந்து திரண்டிருத்தல் வேண்டும். ஆய்வுகூடங்களில் தடித்த வெண்கருவின் உயரத்தை அளப்பர். அவ்வுயரத்தையும் முட்டையின் நிறையையும் கொண்டு கணிக்கும் ‘ஹோ அலகு’ 1937இல் வகுக்கப்பட்டது.

விற்பனை முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. சேவலின்றியும் பேடு முட்டையிடும். அம்முட்டையில் குஞ்சு உருவாகாது. நாடோறும் இருமுறை முட்டைகளைச் சேகரித்து, அகன்ற முனை மேலாக இருக்குமாறு குளிர்ந்த இடத்தில் அடுக்குக. வெங்காயத்திற்கும் மண்ணெண்ணெய்க்கும் அருகில் வைத்தல் ஆகாது. அவற்றின் மணம் ஓட்டினூடே உட்செல்லும்.